பத்து விநாடிக் கணக்கு

உடலெங்கும் ரோந்து சுற்றும் நோயெதிர்ப்புச் செல்லான ஒரு டி செல், எதிர்ப்படும் செல்லைத் தொட்டுத் தடவிப் பார்க்கிறது. அதன் கைக்கு அகப்படுவது எம்.எச்.சி. என்ற புரத மூலக்கூறுகள். ஒரு செல்லின் மேற்பரப்பில் இவை ஏறக்குறைய ஒரு லட்சம் இருக்கும். ஒவ்வொன்றும் தன் மடிப்பில் ஒரு புரதத் துண்டை ஏந்தி நிற்கும். துண்டு என்றால் மிகச் சிறியது, எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் வரை. செல் தனக்குள் தயாரிக்கும் புரதங்களில் கொஞ்சத்தை நறுக்கி, இப்படி வெளியே காட்டிக்கொண்டே இருக்கிறது. வைரஸ் உள்ளே புகுந்துவிட்டால் அதன் புரதத் துண்டுகளும் இந்தக் காட்சியில் இடம்பிடித்துவிடும். டி செல் வைரஸை நேராகப் பார்ப்பதில்லை, நம் சொந்த எம்.எச்.சி. ஏந்தி நிற்கும் நிலையில்தான் பார்க்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் பீட்டர் டோஹர்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் இதைக் கண்டுபிடித்தார்கள். 1996இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு லட்சத்தில் அந்நியத் துண்டுகள் எத்தனை இருந்தால் டி செல் விழித்துக்கொள்ளும்? ஸ்டான்ஃபோர்டில் மார்க் டேவிஸின் குழு 2002இல் துண்டுகளுக்கு ஒளிரும் அடையாளம் பூட்டி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது. ஒன்று இருந்தாலே டி செல்லுக்குள் கால்சியம் ஏறத் தொடங்கியது. பத்து இருந்தால் கிட்டத்தட்ட முழு வேகத்தில் இயங்கியது. லட்சத்தில் பத்து! மீதி 99,990 துண்டுகளும் நம்முடையவை. அவற்றைப் பார்த்து டி செல் கிளர்ந்தெழக் கூடாது. கிளர்ந்தால் நாம் தன்னுடல் தாக்கு நோயாளிகள்.

இந்த வேறுபாட்டை அது எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறது என்பதற்குக் கோழி முட்டையின் வெள்ளைக்கரு ஒரு பிரபலமான சான்று. அதிலுள்ள ஓவால்புமின் புரதத்தின் எட்டு அமினோ அமிலத் துண்டு ஒன்றை மட்டுமே அடையாளம் காணும் டி செல்களைக் கொண்ட எலிகளை ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகளாக வளர்த்து வருகின்றன. அந்த எட்டில் நான்காவது எழுத்தான அஸ்பராஜினை எடுத்துவிட்டுத் திரியோனினை வைத்தால் துண்டின் வீரியம் பல மடங்கு இறங்குகிறது. வேலினை வைத்தால் இன்னும் கீழே போகிறது. முதல் எழுத்தை மாற்றிக் குளூட்டமிக் அமிலத்தை வைத்தால் இன்னும் விசித்திரம்: அந்தத் துண்டு டி செல்லைத் தூண்டுவதில்லை என்பதோடு, அருகில் நல்ல துண்டு இருந்தால் அதன் தூண்டுதலையும் மட்டுப்படுத்துகிறது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இத்தனை நுட்பமாகப் பிரித்தறிகிற ஏற்பி, அதாவது துண்டைத் தொட்டுப் பார்க்கும் டி செல்லின் மேற்பரப்புப் புரதம், சரியான துண்டை இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அளந்தபோது கிடைத்ததோ நேர்மாறு. டி செல் ஏற்பியின் பிடி படு பலவீனமானது. தேறிய ஆன்டிபாடி ஒன்றின் பிடியோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். நல்ல அந்நியத் துண்டோடு அது ஒட்டியிருப்பது பத்து விநாடி அளவுக்குத்தான். ஏறக்குறைய அதே போலிருக்கும் சொந்தத் துண்டோடு ஒரு விநாடி. அதாவது மூலக்கூறுகளின் அளவில் பார்த்தால் நண்பனுக்கும் பகைவனுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பத்து மடங்கு. செல்லின் நடத்தையில் தெரியும் வித்தியாசமோ ஆயிரக்கணக்கான மடங்கு. பத்து எப்படி ஆயிரமாகிறது? இந்த அத்தியாயத்தின் கேள்வி இதுதான். இதற்கு விடை நுண்ணோக்கியிலிருந்து வரவில்லை, ஒரு கணக்கிலிருந்து வந்தது.

கணக்கின் வேர் நோயெதிர்ப்பியலில் இல்லை. 1974இல் ஜான் ஹாப்ஃபீல்ட் என்ற இயற்பியலாளர், ரைபோசோம் புரதம் தயாரிக்கும்போது ஏன் இவ்வளவு குறைவாகத் தவறு செய்கிறது என்று யோசித்தார். பத்தாயிரத்துக்கு ஒரு தவறு. சரியான மூலக்கூறுக்கும் தவறான மூலக்கூறுக்கும் இடையே உள்ள ஒட்டும் வலிமை வித்தியாசத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்று தவறாகப் போயிருக்க வேண்டும். (நரம்பு வலைப்பின்னல்களுக்காக 2024இல் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டாரே, அவரேதான்.) அவர் தந்த விடை: ஒட்டியவுடனே முடிவெடுக்காதே, இடையில் திரும்பிப் போக முடியாத ஒரு படியை வை, அந்தப் படியைக் கடக்க ஆற்றலைச் செலவிடு, ஒவ்வொரு படியிலும் தவறானவன் கழன்று விழ இன்னொரு வாய்ப்புக் கொடு. 1975இல் பிரான்சில் ஜாக் நினியோவும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். கைனெட்டிக் ப்ரூஃப்ரீடிங் என்று இதற்குப் பெயர். நாம் மெய்ப்பு பார்த்தல் என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

இருபது ஆண்டுகள் இந்த எண்ணம் பெரும்பாலும் ரைபோசோமைச் சுற்றியே கிடந்தது. 1994இல் டேவிஸின் குழு, துண்டு எவ்வளவு சீக்கிரம் ஏற்பியை விட்டு விலகுகிறது என்பதற்கும் டி செல்லின் எதிர்வினைக்கும் தொடர்பு இருப்பதை அளந்து காட்டியது. அடுத்த ஆண்டே சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமதி மெக்கீத்தன், ஹாப்ஃபீல்டின் எண்ணத்தை எடுத்து டி செல் ஏற்பியின் மேல் பொருத்தினார். புதிய சோதனை ஏதும் அந்தக் கட்டுரையில் இல்லை. இருந்தது சில சமன்பாடுகள் மட்டுமே.

டி செல் ஏற்பியின் வால்கள் செல்லுக்குள் நீண்டிருக்கின்றன. அவற்றில் பாஸ்பேட் ஏற்கத்தக்க இருபது டைரோசின்கள் இருக்கின்றன. துண்டு வெளியே ஒட்டியிருக்கும் நேரத்தில் உள்ளே எல்.சி.கே. என்ற நொதி இவற்றில் பாஸ்பேட்டைப் பூட்டத் தொடங்கும். பிறகு ஜாப்-70 வந்து அமரும். அதையும் முடுக்க வேண்டும். அது லாட் என்ற இன்னொரு புரதத்தில் பாஸ்பேட் பூட்டும். தாலுகா அலுவலகத்தில் மனுவொன்று மேசை மேசையாக நகர்வதைப் போலத்தான். ஒரு விதி மட்டும் விசேஷம்: மனுதாரர் வாசலில் நின்றுகொண்டே இருக்க வேண்டும், நடுவில் கிளம்பிவிட்டால் கோப்பு அதுவரை வாங்கிய கையெழுத்தெல்லாம் அழிந்து முதல் மேசைக்கே திரும்பிவிடும். துண்டு கழன்றதும் பாஸ்பேட்டேஸ் நொதிகள் வந்து பூட்டிய பாஸ்பேட்டுகளைத் துடைத்துவிடுவதை மெக்கீத்தன் இப்படித்தான் எடுத்துக்கொண்டார். கடைசிப் படியை எட்டிய ஏற்பி மட்டுமே சைகை அனுப்பும்.

இப்போது எண்களைப் போடுவோம். ஒரு படி முடியச் சராசரியாக ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஒரு விநாடி ஒட்டியிருக்கும் சொந்தத் துண்டுக்கு, முதல் படி முடிவதா தான் கழல்வதா என்பது சரிபாதி வாய்ப்பு, 0.5. பத்து விநாடி ஒட்டும் அந்நியத் துண்டுக்கு அந்த வாய்ப்பு பதினொன்றில் பத்து, சுமார் 0.91. ஒரே படி என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் படிகள் அடுத்தடுத்து வருவதால் வாய்ப்புகள் பெருக்கல் கணக்கில் போகின்றன. பத்துப் படி வைத்தால் அந்நியத் துண்டு கடைசிவரை போக 0.39 வாய்ப்பு. சொந்தத் துண்டுக்கு 0.5ஐப் பத்து முறை பெருக்க வேண்டும்: 0.00098, அதாவது ஆயிரத்தில் ஒன்று. இப்போது வித்தியாசம் 395 மடங்கு. நாம் தேடிய பெருக்கம் இதோ. இதற்குக் கொடுத்த விலைகளையும் சொல்ல வேண்டும். நல்ல துண்டுகளிலும் பத்தில் ஆறு வழியிலேயே தவறிப்போகின்றன. தவிர, ஒவ்வொரு பாஸ்பேட்டும் ஒரு ஏ.டி.பி. மூலக்கூறைத் தின்கிறது. ஆற்றல் செலவில்லாமல் இந்தத் துல்லியம் கிடைக்காது என்பதை வெப்ப இயக்கவியல் கறாராகச் சொல்கிறது.

இந்தக் கணக்கின் அழகில் மயங்கி இங்கேயே நிற்பவர்கள் உண்டு. பாடநூல்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. கொஞ்சம் பொறுத்து, லட்சம் என்ற எண்ணை உள்ளே கொண்டுவாருங்கள். நம் சொந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை ஒரு விநாடியும் ஒட்டாது. பத்தில் ஒரு விநாடி ஒட்டுபவை பத்துப் படியைத் தாண்டும் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம், அவற்றை மறந்துவிடலாம். நூற்றில் ஒன்று மட்டும் ஒரு விநாடி ஒட்டுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் அப்படி ஆயிரம் துண்டுகள். ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்பதால் ஒரு சுற்றில் ஒரு பொய்ச் சைகை. அந்நியத் துண்டுகள் பத்து. அவற்றிலிருந்து நான்கு மெய்ச் சைகை. பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் சீக்கிரம் கழலும் துண்டு சீக்கிரம் திரும்பி வந்தும் ஒட்டும். அந்நியத் துண்டு ஒரு சுற்று முடிக்கும் பத்து விநாடிக்குள் சொந்தத் துண்டுகள் ஏழெட்டுச் சுற்றாவது போட்டிருக்கும். மெய் நான்கு, பொய் ஏழெட்டு. கணக்கு கவிழ்ந்துவிட்டது. படிகளைக் கூட்டினால் பொய் குறையும், கூடவே மெய்யும் குறையும். பத்தே துண்டுகளைக் கண்டுபிடிக்க வேண்டிய செல்லுக்கு அது கட்டாது.

இன்னொரு இடறலும் உண்டு. மெக்கீத்தனின் சமன்பாட்டில் ஒவ்வொரு ஏற்பியும் தனித்தனி. பலவீனமான துண்டு சேர்ந்தால் சைகை சற்றே கூடலாம், குறைய வழியே இல்லை. முட்டைப் புரதத்தின் முதல் எழுத்தை மாற்றிய துண்டு நல்ல துண்டின் தூண்டுதலை மட்டுப்படுத்தியதே, அதை இந்தச் சமன்பாட்டிலிருந்து எந்த வித்தை செய்தும் வரவழைக்க முடியாது.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ரொனால்ட் ஜெர்மைனின் ஆய்வுக்கூடம் 2003இல் இதற்கு ஒரு வழி காட்டியது. 2005இல் இயற்பியல் படித்து வந்த கிரெகுவார் அல்தான்-போனேயும் ஜெர்மைனும் அதை முழு மாதிரியாக எழுதினார்கள். எஸ்.எச்.பி.-1 என்ற பாஸ்பேட்டேஸ்தான் முக்கியப் பாத்திரம். படிவரிசையில் பாதி தூரம் போன ஏற்பிகள்கூட இதை உசுப்பிவிடுகின்றன. உசுப்பப்பட்ட எஸ்.எச்.பி.-1 அக்கம்பக்கத்து ஏற்பிகளின் பாஸ்பேட்டுகளையும் துடைக்கிறது. ஆகவே பாதி வழியில் கழலும் துண்டுகள் நிறைய இருந்தால், முழு வழி போகக்கூடியவையும் சிரமப்படுகின்றன. முதல் எழுத்தை மாற்றிய துண்டு நல்ல துண்டின் தூண்டுதலை மட்டுப்படுத்தியது ஏன் என்பது இப்போது புரிகிறது. மறுபக்கம், சைகை ஓர் அளவைத் தாண்டி எர்க் என்ற நொதியை எட்டிவிட்டால், எர்க் திரும்பி வந்து எல்.சி.கே.வை எஸ்.எச்.பி.-1இடமிருந்து காப்பாற்றுகிறது. காப்பாற்றப்பட்ட எல்.சி.கே. சைகையைப் பெருக்குகிறது, அது எர்க்கை இன்னும் கூட்டுகிறது. ஒரு சுழற்சி பிரேக் போடுகிறது, இன்னொன்று ஆக்சிலரேட்டரை மிதிக்கிறது.

இந்த இரண்டும் சேர்ந்தால் பாதி எதிர்வினை என்ற நிலையே இருக்கக் கூடாது என்றது மாதிரி. செல்களை ஒவ்வொன்றாக அளந்தபோது அப்படித்தான் இருந்தது. துண்டின் அளவைக் கூட்டக் கூட்ட ஒவ்வொரு செல்லிலும் எர்க் மெல்ல ஏறவில்லை. செல்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. ஒன்றில் எர்க் இல்லவே இல்லை, மற்றதில் முழுதாக இருந்தது. அளவு கூடியபோது இரண்டாவது கூட்டம் பெருத்தது, அவ்வளவுதான். பல லட்சம் செல்களைக் கலக்கிச் சராசரி எடுக்கும் பழைய முறைகளில் இது தெரிந்திருக்கவே தெரியாது. சராசரி வழவழப்பான சரிவாகத்தான் காட்டும்.

இதற்கிடையே மாதிரிகள் பெருத்துக்கொண்டே போயின. இருபது டைரோசின், ஒவ்வொன்றிலும் பாஸ்பேட் உண்டு அல்லது இல்லை என்றால் ஏற்பி ஒன்றுக்கே 10,48,576 நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சமன்பாடு எழுத மனிதரால் ஆகாது. ஒவ்வாமையில் பங்கேற்கும் மாஸ்ட் செல்லின் ஏற்பிக்கு லாஸ் அலமாஸ் ஆய்வகத்தினர் 2003இல் எழுதிய மாதிரியில் பல நூறு மூலக்கூறு நிலைகளும் பல ஆயிரம் வினைகளும் இருந்தன. அவர்கள் வினைகளைக் கையால் எழுதவில்லை; விதிகளைக் கொடுத்து வினைகளைக் கணினியே விரித்துக்கொள்ளச் செய்தார்கள். மூலக்கூறுகள் பத்தே பத்து இருக்கும் இடத்தில் வழக்கமான வகைக்கெழுச் சமன்பாடும் ஏமாற்றும், அங்கே தற்செயல்தான் ஆட்சி. 1970களில் டேனியல் கில்லெஸ்பி எழுதிய, ஒவ்வொரு வினையையும் பகடை உருட்டித் தீர்மானிக்கும் வழிமுறைதான் இன்றும் கை கொடுக்கிறது.

இந்தப் பெரிய மாதிரிகளின்மேல் எனக்கு அரைகுறை நம்பிக்கைதான். நூறு தெரியாத எண்களை உள்ளே வைத்தால் எந்தச் சோதனை முடிவுக்கும் அவற்றைப் பொருந்தச் செய்துவிடலாம். மெக்கீத்தனுடைய சமன்பாட்டில் இருப்பது மூன்றே எண்கள்: ஒட்டும் நேரம், படி நேரம், படிகளின் எண்ணிக்கை. எங்கே பிசகுகிறது என்பது உடனே தெரியும். சோதனைக்காரர்கள் கடைசியில் திரும்பி வந்ததும் அதனிடம்தான்.

சோதனை ஏன் அவ்வளவு தாமதம்? துண்டின் எழுத்தை மாற்றினால் ஒட்டும் நேரம் மாறும். கூடவே ஒட்டும் வேகம், வடிவம், விசைக்கு அது தரும் எதிர்ப்பு எல்லாமே மாறும். எதனால் எதிர்வினை மாறியது என்று அடித்துச் சொல்ல முடியாது. 2019இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதற்கு ஒளியைப் பிடித்தன. சான் ஃபிரான்சிஸ்கோவில் டக் டிஷரும் ஓரியன் வீனரும் நீல ஒளி பட்டால் கழலும் ஒரு தாவரப் புரதத்தை ஏற்பிக்கு எதிரே வைத்தார்கள். ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் வோல்ஃப்காங் ஷாமெலின் குழு சிவப்பு ஒளிக்கு இசையும் இன்னொரு தாவரப் புரதத்தை எடுத்துக்கொண்டது. துண்டு ஒன்றே, ஏற்பி ஒன்றே. ஒளியைக் கூட்டிக் குறைத்தால் ஒட்டும் நேரம் மட்டும் மாறும். எத்தனை ஏற்பிகள் பிடிபட்டிருக்கின்றன என்பதைச் சமமாக வைத்துப் பார்த்தபோதும், நீண்ட நேரம் ஒட்டியவையே சைகையை உள்ளே கொண்டுபோயின. சில விநாடி வித்தியாசம் போதுமாக இருந்தது. மெக்கீத்தன் தாளில் எழுதி 24 ஆண்டுகள் கழிந்திருந்தன.

தாமதம் எந்தப் படியில் ஒளிந்திருக்கிறது என்பதிலும் ஒரு துப்பு அதே ஆண்டு கிடைத்தது. ஆர்தர் வைஸின் ஆய்வுக்கூடத்தினர் லாட் புரதத்தில் 132ஆம் இடத்து டைரோசினைக் கவனித்தார்கள். மற்ற டைரோசின்களைவிட அதில் பாஸ்பேட் ஏறுவது மிக மெதுவாக நடந்தது. காரணம், அதற்கு முந்தைய இடத்தில் இருக்கும் கிளைசின். ஜாப்-70 அமிலத்தன்மையுள்ள அண்டை எழுத்தையே விரும்பும். கிளைசினை எடுத்துவிட்டு அஸ்பார்ட்டிக் அமிலத்தை வைத்ததும் படி வேகமாகியது. வேகமான செல் மேலான செல்லாக இருக்கவில்லை. பலவீனமான துண்டுகளுக்கும், சொந்தத் துண்டுகளுக்கும்கூட அது எழும்பத் தொடங்கியது. அந்தத் தாமதம் பழுதன்று, வேண்டும் என்றே வைத்திருக்கும் தடை.

இந்தக் கணக்கைச் சரியாகப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் மருத்துவத்தில் இருக்கிறது. புற்று செல்களில் மட்டும் பெரும்பாலும் தென்படும் மேஜ்-ஏ3 என்ற புரதத்தைப் பிடிக்க, டி செல் ஏற்பியின் எழுத்துகளை மாற்றி அதன் பிடியை ஆய்வகத்தில் இறுக்கினார்கள். அந்த ஏற்பி பொருத்திய டி செல்களை அமெரிக்காவில் இரண்டு நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். ஒருவருக்கு மெலனோமா, இன்னொருவருக்கு மையலோமா. இருவரும் சில நாட்களுக்குள் இதயம் செயலிழந்து இறந்தார்கள். இதயத்தில் மேஜ்-ஏ3 இல்லை. நீண்ட தேடலுக்குப் பிறகு குற்றவாளி அகப்பட்டது: இதயத் தசையிலுள்ள டைட்டின் என்ற பெரும் புரதத்தின் ஒரு துண்டு. 2013இல் வெளியான கட்டுரைகள் இதை விவரித்தன. இரண்டு துண்டுகளிலும் ஒன்பது எழுத்துகள். ஐந்து இடத்தில் ஒரே எழுத்து, நான்கு இடத்தில் வேறு. சாதாரண வளர்ப்புச் செல்களில் சோதித்தபோது அந்த ஆபத்து தென்படவில்லை. துடிக்கும் இதயத் தசைச் செல்களை வளர்த்து வைத்துச் சோதித்த பிறகே டி செல்கள் அவற்றைக் கொல்வது தெரிந்தது.

நம் சிறிய மாதிரியில் இதே தலையீட்டைச் செய்து பாருங்கள். பிடியை இறுக்கி, எல்லாத் துண்டுகளின் ஒட்டும் நேரத்தையும் பத்து மடங்காக்குவோம். இலக்குத் துண்டு 10 விநாடியிலிருந்து 100 விநாடிக்குப் போகும். அது கடைசிப் படியை எட்டும் வாய்ப்பு 0.39லிருந்து 0.91 ஆகும். ஆதாயம் 2.3 மடங்கு. சொந்தத் துண்டு ஒரு விநாடியிலிருந்து 10 விநாடிக்குப் போகும். அதன் வாய்ப்பு 0.00098லிருந்து 0.39 ஆகும். அபாயம் 395 மடங்கு. இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், அந்த நோயாளிகளின் உடலில் அளந்தவை அல்ல. ஆனாலும் திசை இதுதான். ஏற்கெனவே கூரைக்கு அருகில் இருக்கும் வாய்ப்பை உயர்த்த அதிக இடமில்லை, தரையில் கிடக்கும் வாய்ப்புக்கோ நிறைய இடமிருக்கிறது. பிடியை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்துக்கு இந்த ஒரு கணக்கே போதுமான எச்சரிக்கை.

கடைசியாக ஒரு திருத்தம். பத்துப் படி என்று நான் எடுத்துக்கொண்டது தாராளம். ஆக்ஸ்ஃபோர்டில் ஓமர் டுஷெக்கின் குழு, மிகப் பலவீனமான பிடிகளையும் நம்பகமாக அளக்கும் முறையைச் சீராக்கி 2021இல் பழைய அளவீடுகளை மறுபரிசீலனை செய்தது. பழைய அளவீடுகள் பலவீனமான பிடிகளைத் தவறாக மதிப்பிட்டிருந்தன. புதிய எண்களோடு பார்த்தால் டி செல் ஏற்பியின் பிரித்தறியும் திறன் இதுவரை கொண்டாடப்பட்ட அளவுக்கு இல்லை. அவர்களுடைய தரவுகளுக்குச் சுமார் மூன்று படிகள் கொண்ட மெய்ப்பு மாதிரியே போதும். பலவீனமான துண்டுகளும் போதிய எண்ணிக்கையில் இருந்தால் டி செல் எதிர்வினை காட்டுகிறது. தன்னுடல் தாக்கு நோய்களுக்கு இதில் ஒரு காரணம் இருக்கக்கூடும். ஏற்பியை இழுக்கும் விசைக்கு எவ்வளவு பங்கு என்ற சர்ச்சை வேறு இன்னும் ஓயவில்லை.

கைபேசியிலுள்ள கால்குலேட்டரை எடுத்து, இந்த அத்தியாயத்தின் கணக்கைப் பத்துப் படிக்குப் பதில் மூன்று படி வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 395 மடங்கு வித்தியாசம் 6 மடங்காகச் சுருங்கிவிடும். ஆறு மடங்கை நம்பி ஒரு லட்சம் சொந்தத் துண்டுகளுக்கு நடுவே எந்த உடலும் நிம்மதியாக இருக்க முடியாது. மிச்சப் பாதுகாப்பின் பெரும்பகுதி டி செல் ரோந்துக்குக் கிளம்புவதற்கு முன்பே, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் நடந்து முடிகிறது. அடுத்த அத்தியாயம் அதைப் பற்றியது.